ஒற்றைத் தடமும் இரு செவிகளும்

பழைய இசைத்தட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்ட தமிழ்ப் பாடல்கள் இன்று இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றின் தலைப்பில் ‘ஸ்டீரியோ’ என்ற சொல் ஒரு தரமுத்திரையைப் போல ஒட்டப்பட்டிருக்கிறது. ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில், பதிவான ஒரு பாடல் எப்படி இருதடப் பாடலாயிற்று என்று கேட்போர் குறைவு. நம் இசை வரலாற்றின் மூலச்சான்றுகள் எந்த வடிவில் அடுத்த தலைமுறையைச் சென்றடையும் என்பது இக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர், ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு வேறு ஒலித்தடங்களைப் பொறிக்கும் முறை உள்ளிட்ட தம் ஸ்டீரியோக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். எனினும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் மேலைநாட்டுச் சந்தைக்குப் பரவலாக வந்தது 1958-இல்தான். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோப் பதிவின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’ (1978). ஆக, பேசத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தமிழ்த் திரை ஒற்றைத் தடத்திலேயே பாடியது. 1952-இல் மதுரைத் தங்கம் திரையரங்கில் ‘பராசக்தி’யைக் கண்ட பெருங்கூட்டம் கேட்டதும் திரைக்குப் பின்னிருந்து வந்த அந்த ஒற்றைத் தட ஒலியைத்தான்.

இதைக் குறைபாடு என்று மட்டும் கொள்வது பிழை. மோனோவில் இடம், வலம் இல்லை. ஆனால் அண்மையும் சேய்மையும் உண்டு. பாடகர் ஒலிவாங்கிக்கு அருகில் நிற்பார். வயலின்கள் சற்றுத் தள்ளி அமரும். ஓசை மிகுந்த கருவிகள் அறையின் கோடிக்குச் செல்லும். உச்சத்தில் பாடும்போது பாடகர் ஓரடி பின்வாங்குவார். பின்னாளில் கலவைக் கருவிகள் செய்த வேலையை அன்று கால்களே செய்தன. அந்தத் தூரக்கணக்கு முழுவதும் பதிவில் உறைந்து நிற்கிறது.

ஸ்டீரியோ விற்பனைப் பொருளானதும், கைவசமிருந்த மோனோப் பதிவுகளையும் அவ்வாறே விற்கும் ஆசை நிறுவனங்களுக்கு எழுந்தது. 1961-இல் அமெரிக்காவின் கேபிட்டல் நிறுவனம் ‘டூயோஃபோனிக்’ என்ற பெயரில் இதைச் செய்தது. கீழ்ச்சுரங்களை ஒரு பக்கமும் மேற்சுரங்களை மறுபக்கமும் தூக்கலாக்கி, ஒரு பக்கத்தை நொடியின் சிறு பின்னம் தாமதிக்கச் செய்தால், செவி அதை ‘அகன்ற’ ஒலி என்று நம்பிவிடும். இன்றைய கணினி மென்பொருள்கள் பலவும் ஏதோ ஒரு வகையில் இவ்வித்தையையே செய்கின்றன.

நம் இசைக்கு இதைப் பொருத்தினால் விளைவது விபரீதம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுர இசைத்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தவிலின் தொப்பி கீழோசை தருவது. வலந்தலை மேலோசை தருவது. அதிர்வெண்ணைக் கொண்டு பிரித்தால் ஒரே தவில் அறையின் இரு மூலைகளுக்குக் கிழிபட்டுப் போகும். நாகசுரமோ மந்தர ஸ்தாயியிலிருந்து தார ஸ்தாயிக்கு ஏற ஏற, வாசிப்பவர் மேடையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடந்து செல்வதாகத் தோன்றும். மல்லாரி வாசித்தபடி வீதியுலாவில் நடப்பது வேறு. ஆலாபனையின் நடுவே மேடையில் உலாவுவது வேறு.

ஏட்டுச்சுவடிப் பதிப்பை அறிந்தவர்களுக்கு இது பழக்கமான சிக்கல்தான். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார். சிதைந்த இடங்களைத் தம் கவித்துவத்தால் நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டினார். அந்நூலின் 267, 268 ஆம் பாடல்கள் இன்றும் நமக்கு இல்லை; இல்லை என்ற அறிவு மட்டும் இருக்கிறது. போலி ஸ்டீரியோ என்பது புள்ளிகளை அழித்துவிட்டுச் செய்த இடைச்செருகல்.

உண்மையிலேயே இரு மோனோப் பதிவுகள் இணைந்து ஸ்டீரியோவான வரலாறும் உண்டு. 1932 பிப்ரவரியில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவை விக்டர் நிறுவனம் பதிவு செய்தபோது, தனித்தனி இடங்களில் வைத்த இரு ஒலிவாங்கிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரு மெழுகுத் தட்டுகள் வெட்டப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின், ஒரே வாசிப்பின் இரு தட்டுகள் சற்று வேறுபட்டு ஒலிப்பதைச் சேகரிப்பாளர்கள் கவனித்தனர். இரண்டையும் ஒத்திசைய ஓடவிட்டபோது, கலைஞர்கள் அமர்ந்திருந்த இடமெல்லாம் துலங்கிற்று. இது கற்பனையன்று; இரு சுவடிகள் தந்த பாடம்.

ஆனையூரில் வீட்டின் ஓர் அறையில் இப்பணியைச் செய்துவரும் நண்பர் ஒருவரின் முறை இவ்வழியைச் சார்ந்தது. மோனோத் தட்டை ஸ்டீரியோ முள்ளால் ஓடவிட்டு, பள்ளத்தின் இரு சுவர்களையும் இரு தடங்களாகவே கணினியில் சேமிக்கிறார். இரண்டிலும் இருப்பது ஒரே பாட்டுத்தான். ஆனால் தேய்மானமும் கீறலும் ஒன்றல்ல. ஒரு சுவர் சிதைந்த இடத்தில் மற்றது தெளிவாக இருக்கலாம். மோனோத் தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஆகவே இரு தடங்களையும் கூட்டினால், முள்ளின் மேல்கீழ் அசைவில் பிறக்கும் இரைச்சல் தானே கழிந்து பாட்டு எஞ்சும். வேகத்திலும் கவனம் வேண்டும்: நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதிலாக 82 அல்லது 83 சுற்று ஓடினால் சுருதி ஏறக்குறைய ஒரு சுரத்தானம் உயர்ந்துவிடும், பாடகரின் ‘கட்டை’ பற்றிய நம் ஆய்வுகளெல்லாம் பொய்யாகும்.

புதுமை செய்வதே குற்றம் என்பதல்ல என் வாதம். 2004-இல் ‘முகல்-ஏ-ஆஸம்’ வண்ணத்தில் மீண்டும் வெளிவந்தபோது, பழைய குரல்களை வைத்துக்கொண்டு வாத்திய இசை புதிதாகப் பதிவு செய்யப்பட்டது. இசையமைப்பாளர் நௌஷாதும் அப்பணியில் இருந்தார். அதை வெளிப்படையாகவே அறிவித்தார்கள். கேடு விளைவது, மாற்றியதை மூலம் என்று வழங்கும்போதுதான். முதுகலை மாணவர் ஒருவர் 1950களின் பாடலொன்றைப் பற்றிய கட்டுரையில் அதன் தாளக்கட்டை வியந்து எழுதியிருந்தார். அவர் வியந்த தாளம், பின்னாளில் யாரோ ‘ஜங்கார்’ பாணியில் ஏற்றியது. அவர்மேல் தவறில்லை, அவர் தேடிய இடத்தில் கிடைத்தது அந்த வடிவம் மட்டுமே.

மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் பல, ரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து வைத்தமையால்தான் நம் கைக்கு வந்தன. அத்தகைய நாடாக்களும் அரக்குத் தட்டுகளும் நாளுக்கு நாள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, பதிப்பாசிரியராகிவிடுகிறார். செய்யவேண்டியது அதிகமில்லை. இரைச்சலும் கீறலும் உட்பட முதல் பெயர்ப்பை மாற்றமின்றி ஒரு கோப்பாக வைத்துவிட வேண்டும். அதன்மேல் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் தனிக்கோப்பில், இன்னது செய்தேன் என்ற குறிப்போடு தரவேண்டும். புள்ளிகளைப் புள்ளிகளாகவே விட்டுவைத்த பதிப்பாசிரியரை மதிக்கும் மொழிக்கு இது புதிய பாடமன்று.