குளத்துல மிதக்கிற பொரி

மார்க்கெட்ல கட்லா, ரோகு வாங்கும்போது விலை கேப்பீங்க, செவுளைத் தூக்கிப் பாப்பீங்க. அந்த மீன் என்ன தின்னு வளர்ந்துச்சுன்னு யாரும் கேக்கிறதில்லை. ஆனா மீன் வளர்க்கிறவனுக்கு ஆகுற செலவுல பாதிக்கு மேல தீவனத்துக்குத்தான் போகுது. அதனால அந்தத் தீவனத்தோட கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

அந்தக் காலத்துல கண்மாய் மீனுக்கு யாரும் தீனி போட்டதில்லை. கெண்டைக் குஞ்சு வேணும்னா ஆத்துலதான் பிடிக்கணும். 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி, ஊசி மூலமா ஹார்மோன் செலுத்தி கெண்டையை முட்டையிட வச்சார். இன்னைக்கும் அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறாங்க. அதுக்கப்புறம் குஞ்சு தாராளமா கிடைச்சது. ஒரே குளத்துல நெருக்கமா விட்டாங்க. தண்ணியில தானா விளையிற பாசியும் பூச்சியும் பத்தலை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதியா கலந்து போடுங்கன்னு அதிகாரிங்க சொன்னாங்க. ரெண்டும் ஊர்லயே கிடைக்கிற பொருள்தான். நெல் மில்லுல ஒண்ணு, செக்குல இன்னொண்ணு.

இதுல ஒரு சங்கடம் உண்டு. தவிட்டை வீசினா பாதி கரைஞ்சு போகும், மீதி அடியில போய்ச் சேரும். மீன் தின்னுச்சா, சேறு தின்னுச்சான்னு தெரியாது. அழுகினா தண்ணியும் கெடும். இதுக்கு ஆந்திராவுல கொல்லேறு பக்கத்து விவசாயிங்க கண்ட வழி ரொம்ப எளிசு. சாக்குப் பையில தவிட்டை நிரப்பி, அடியில ஓட்டை போட்டு, குளத்துல நட்ட கழியில கட்டி விட்டாங்க. மீன் வந்து ஓட்டையில வாய் வச்சு இழுத்துத் தின்னும். சாயங்காலம் பையில மிச்சம் இருந்தா மறுநாள் குறைச்சுக்கலாம். மெஷின் இல்லை, கரன்ட் இல்லை. ஆந்திராவுல இருந்து ஐஸ் பெட்டியில வந்து இறங்குற கெண்டை மீன்ல பலதும் இப்படி வளர்ந்ததுதான்.

மிதக்கிற தீவனம் வந்த வழி வேற. 1957-லயே அமெரிக்காவுல ஒரு கம்பெனி நாய்த் தீனியை எக்ஸ்ட்ரூடர்ங்கிற மெஷின்ல பொரிய வச்சு வித்துச்சு. பின்னாடி மிசிசிப்பி பக்கம் கெளுத்தி வளர்த்தவங்க அதே வித்தையை எடுத்துக்கிட்டாங்க. அந்த மெஷினுக்குள்ள நடக்கிறது நமக்குப் புதுசு இல்லை. முறுக்கு உழக்கையும் பொரிச் சட்டியையும் சேர்த்து வச்ச மாதிரி. ஈரப்பதமான மாவை ஒரு திருகு அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்துல சூடு 120 டிகிரிக்கு மேல ஏறும். சின்ன ஓட்டை வழியா வெளிய வந்ததும் உள்ள இருக்கிற தண்ணி சட்டுனு ஆவியாகி மாவை உப்ப வைக்கும். உள்ள காத்து அறைங்க உண்டாகும், அதனாலதான் மிதக்குது. கரையில நின்னாலே எவ்வளவு தின்னுச்சுன்னு கண்ணால பாக்கலாம். இதோட பெரிய லாபமே அதுதான்.

நம்ம ஊருக்கு இது மூட்டையா வந்துச்சு. திலாப்பியா, பங்காசியஸ் வளர்க்கிறவங்க அதையே நம்பி இருக்காங்க. மூட்டையைக் கடனுக்கு வாங்கினா, பல இடத்துல மீனையும் அந்த வியாபாரிகிட்டயேதான் போடணும். விலையை அவர் சொல்வார். தவிடும் புண்ணாக்கும் ஊரை விட்டுப் போய், மூட்டையா திரும்பி வருது. நடுவுல கூடுற காசு ஊர்ல தங்குறதில்லை.

பெரிய ஆலையாலதான் இது முடியும்னு ஒண்ணுமில்லை. அமெரிக்காவுல சோயா விவசாயிங்க பண்ணையிலயே தானியம் வேக வைக்க பிராடின்னு ஒரு மெஷின் வந்துச்சு. டிராக்டர்லயே ஓடும். கொதிகலன் வேண்டாம், உரசல்லயே சூடாயிடும். 1970-கள்ல இலங்கையில தாய்மாருக்கும் பிள்ளைங்களுக்கும் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவுக்குச் சோளத்தையும் சோயாவையும் வேக வச்சது அந்த மெஷின்தான். மனுசன் சாப்பிடுறதுக்கே சின்ன மெஷின் போதும்னா மீனுக்கு ஏன் போதாது?

இன்னைக்கு மோட்டார்ல ஓடுற சின்ன எக்ஸ்ட்ரூடர் நம்ம நாட்டுலயே செய்யுறாங்க. ஓட்டைத் தட்டு தேஞ்சா லேத் பட்டறையில புதுசு கடைஞ்சுக்கலாம். 2020-ல வந்த பிரதமர் மீன்வள திட்டத்துல நாளைக்கு 2 டன் அரைக்கிற சின்ன தீவன ஆலைக்கும் மானியம் அறிவிச்சாங்க. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் 60 சதவீதம்.

வேலை எளிசுன்னு சொல்ல மாட்டேன். மாவு நைசா அரையணும். மிதக்கணும்னா கலவையில சுமார் அஞ்சுல ஒரு பங்கு மாவுச்சத்து வேணும். அதுக்கு மக்காச்சோளம், குருணை, மரவள்ளி எதுவும் ஆகும். எண்ணெய் அதிகமானா பொரியாது, அதனால எண்ணெயைப் பொரிஞ்ச பிறகுதான் தடவணும். நல்லா உலர்த்தலைன்னா பூஞ்சை பிடிக்கும், அப்புறம் மீனுக்கு அது விஷம். ஒருத்தனா மெஷின் வாங்கினா வருசத்துல பாதி நாள் சும்மா கிடக்கும். பத்துக் குளத்துக்காரங்க சேர்ந்து வாங்கினாத்தான் கட்டுபடி ஆகும். கட்லா, ரோகு மட்டும் வளர்க்கிறவனுக்கு ஓட்டைப் பையே இன்னும் போதும்.

நெல் மில்லும் எண்ணெய்ச் செக்கும் ஒரு காலத்துல ஊருக்கு ஊர் இருந்துச்சு. அந்த வரிசையில மீன் தீவன மெஷினும் வந்தா, எங்க தவிடு எங்க ஊர்லயே மீனாகும்.