சென்னையில் நாய்க் கருத்தடைத் திட்டத்தின் வரலாறு

நாய்களைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப்படும். சுருக்கமாக இதை ஏபிசி என்பர். இன்று இது இந்தியா முழுமைக்குமான சட்ட விதியாக உள்ளது. இதன் தொடக்க வரலாற்றில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு.

கொன்று குறைக்கும் முறை

வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறிகள் தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும் நோயாகும். இந்தியாவில் இது பெரும்பாலும் நாய்க்கடியால் பரவுகிறது. 1885இல் பிரான்சில் லூயி பாஸ்டர் இதற்கான தடுப்பூசியை மனிதருக்குச் செலுத்தினார். தென்னிந்தியாவில் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்ட காலத்தை மூத்தவர்கள் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கடிபட்டவருக்கு ஊசி, கடிக்கும் நாய்க்குச் சாவு என்பதே அக்கால வழக்கம். ப்ளூ கிராஸ் அமைப்பு தரும் தகவல்படி, சென்னை மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. 1996 வாக்கில் நாளொன்றுக்குச் சுமார் 135 நாய்கள் கொல்லப்பட்டன. நாய்த்தோலில் பணப்பை, கழுத்துப்பட்டை போன்ற பொருள்கள் செய்யும் ஆய்வுகூட ஒரு கட்டத்தில் நடந்தது. ஆனால் தெருக்களில் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை.

கொல்வது ஏன் பயனளிக்கவில்லை?

ஓர் இடத்தில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அங்குக் கிடைக்கும் உணவே முடிவு செய்கிறது. குப்பைத்தொட்டி, இறைச்சிக் கடை, உணவகம் ஆகியவை இருக்கும்வரை, பிடிக்கப்பட்ட நாய்களின் இடத்துக்கு அக்கம்பக்கத்து நாய்கள் வந்துவிடும். எஞ்சிய நாய்களின் குட்டிகளுக்கும் போட்டி குறைந்து, அவை பிழைக்கும் வாய்ப்பு கூடும். பெண் நாய் ஓராண்டு நிறைவதற்குள்ளேயே பருவமடையக்கூடும். கர்ப்பகாலம் சுமார் 63 நாள்களே. பொதுவாக ஆண்டுக்கு இருமுறை அது சினைப்பருவம் அடைகிறது. புதிதாக வரும் நாய்கள் தடுப்பூசி போடாதவையாக இருப்பதால் நோய் பரவும் வாய்ப்பும் குறைவதில்லை. நாய்களை அகற்றுவது மட்டுமே வெறிநோய்ப் பரவலைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை என உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழுவும் 1992இல் கூறியது.

மாற்று வழி

ப்ளூ கிராஸ் அமைப்பு 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தாரால் சென்னையில் தொடங்கப்பட்டது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற கருத்தை அது 1964 முதல் முன்வைத்தது. இதற்காகத் தொடர்ந்து வாதாடியவர் அவர் மகன் சின்னி கிருஷ்ணா. ஏ, பி, சி எழுத்துகளைப் போல எளிதானது என்பதை உணர்த்தவே அந்தப் பெயர் சூட்டப்பட்டது. மாநகராட்சி இதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1996இல் தென்சென்னையில் தொடங்கிய திட்டம் பின்னர் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

காளைக்குக் காயடிப்பது நம் உழவர்களுக்குப் பழகிய செயல்தான். நாய்க்கு இது மயக்க மருந்து கொடுத்து முறையாகச் செய்யப்படும் அறுவையாகும். பெண் நாய்க்குக் கருப்பையும் சூலகங்களும், ஆண் நாய்க்கு விதைகளும் அகற்றப்படுகின்றன. அடையாளத்துக்காகக் காதின் நுனி சிறிது வெட்டப்படும். கருப்பை அகற்றிய நாய்க்குக் கருப்பைச் சீழ் நோய் வருவதில்லை. இளவயதிலேயே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது.

1994இல் இத்திட்டத்தைத் தொடங்கிய ஜெய்ப்பூரின் அனுபவம் 2006இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. எட்டு ஆண்டுகளில் திட்டப் பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அங்கு மனிதருக்கு வெறிநோய் வருவதும் நின்றது.

சட்டமும் இன்றைய நிலையும்

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2025 ஆகஸ்டு 11இல் தில்லிப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22இல் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு திரும்ப விடச் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றி, அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க ஆணையிட்டது.

பொதுமக்களின் அச்சம் பொய்யானதன்று. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாகவும், அவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. கருத்தடைத் திட்டம் அரைகுறையாக நடந்தால் பயன் தராது. நோய்ப் பரவலைத் தடுக்க 70 விழுக்காடு நாய்களுக்காவது தடுப்பூசி போட வேண்டும். கருத்தடையும் பெரும்பாலான நாய்களைக் குறுகிய காலத்துக்குள் சென்றடைய வேண்டும். விடுபட்ட சில நாய்களே எண்ணிக்கையை மீண்டும் பெருக்கிவிடும்.

வளர்ப்பு நாய்களும் சிற்றூர்களும்

தெருநாய்ப் பெருக்கத்துக்கு வீட்டு நாய்களும் காரணமாகின்றன. இரவில் அவிழ்த்து விடப்படும் காவல் நாய், வேண்டாம் எனச் சாலையோரம் விடப்படும் குட்டிகள் ஆகியவற்றால் தெருவில் நாய்கள் பெருகுகின்றன. வளர்ப்பு நாய்களின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் விதிப்படி உரிமையாளரே பொறுப்பாவார். தெருநாய்களுக்கு மாநகராட்சிகளைப் போலவே ஊராட்சிகளும் பொறுப்பேற்க வேண்டும்.

கொல்லிமலை அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்தின் எல்லையில் உள்ள புளியஞ்சோலை போன்ற சுற்றுலா ஊர்களுக்கும் இது பொருந்தும். வருவோர் விட்டுச்செல்லும் உணவு நாய்களை ஈர்க்கும். காட்டை ஒட்டிய ஊர்களில் தடுப்பூசி போடாத நாய்களால் காட்டு விலங்குகளுக்கும் நோய் பரவக்கூடும். இத்தகைய ஊர்களில் குப்பையை அகற்றுவதும், வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் ஒரே முகாமில் கருத்தடையும் தடுப்பூசியும் அளிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். நூறாண்டுக்கு மேல் கொன்றும் சென்னையில் கிடைக்காத பயனுக்கு இதுவே வழியாகும்.