ஒரே பூட்டு

விழுப்புரம், திண்டிவனம் தோழர்களே, மனிதர் ஒருவருக்கொருவர் அஞ்சுவதால் வலுவான அரசு வேண்டும் என்று 1651இல் எழுதினார் ஹாப்ஸ். காந்தி மனமாற்றத்தை நம்பினார். அம்பேத்கர் இரண்டோடும் நிற்கவில்லை. அரசியலமைப்பு அறம் மனிதருக்கு இயல்பாக வருவதல்ல, பழகி வளர்க்க வேண்டியது என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னார்.

விழுப்புரத்தில் 1978இல் 12 தலித்துகள் கொல்லப்பட்டதைக் கண்ட நமக்கு மனமாற்றத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

கோயில் நுழைவு உரிமை சென்னை மாகாணத்தில் 1947இலேயே சட்டமானது. ஆனாலும் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற நம் இளைஞர்கள் 2023இல் தாக்கப்பட்டார்கள். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி, ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே பூட்டு! ஹாப்ஸ் கேட்ட அமைதி கிடைத்தது. அம்பேத்கர் கேட்ட அறம் வெளியே நின்றது. நம் மக்கள் உள்ளே போய் வழிபட 2025 ஏப்ரல் வரை ஆயிற்று, அதுவும் போலீஸ் காவலோடு.