பிரவேசப் பரீட்சையும் பாடங்கேட்டலின் வரலாறும்

ஆண்டுதோறும் மாசித் திங்கள் பிறந்ததும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒருவகை அச்சம் குடிபுகுந்து விடுகின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஒருபுறம். கலாசாலையுட் புகுதற்குரிய பிரவேசப் பரீட்சை மற்றொருபுறம். பிள்ளைகள் உறக்கம் இழக்கின்றனர். பெற்றோர் அவரினும் மிகுதியாக இழக்கின்றனர். இவ்வச்சம் நம் காலத்திற் புதிதாய்த் தோன்றியதன்று. இந்நாட்டில் 160 ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு உடையது. அதனைச் சிறிது ஆராய்வோமாயின், இத்தகைய பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நெறி இன்னதென்பது தானே விளங்கும்.

1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் துரையவர்கள் அனுப்பிய கல்வித் திட்டத்தின் பயனாக, 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைச் சர்வகலாசாலை சட்டப்படி நிறுவப்பெற்றது. பட்டம் பெற விழைவோர் முதற்கண் மெட்ரிகுலேஷன் என்னும் பிரவேசப் பரீட்சையில் தேறல் வேண்டும் என்பது விதி. ஆங்கிலம், பிறிதொரு மொழி, கணிதம், சரித்திரம், பூகோளம் முதலியன அதன் பாடங்கள். ஒன்றில் தவறினும் கலாசாலையின் வாயில் அடைபட்டது. உத்தியோகம் பெறுதற்கும் அதுவே திறவுகோலாயிற்று. ஒரு குடும்பத்தின் வாழ்வு ஓரிளைஞனின் சில நாளெழுத்தில் தொங்கும் நிலை அன்று தொடங்கியது.

அச்சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தினர். ஒருவர், பின்னாளில் தொல்காப்பியம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றித் தமிழன்னைக்கு அணி செய்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். மற்றவர், வீசகணிதம் என்னும் கணித நூலைத் தமிழில் ஆக்கிய விசுவநாத பிள்ளை அவர்கள். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையோர். நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தாமோதரம் பிள்ளையவர்கள் சர்வகலாசாலைப் பரீட்சை எழுதுதற்கு முன்னரே கோப்பாயில் ஆசிரியராயிருந்து பிறர்க்குக் கற்பித்தவர். விசுவநாத பிள்ளையவர்கள் தாம் கற்ற கணிதத்தைப் பிறர்க்கு விளங்க நூலாக எழுதியவர். எனவே, இருவரும் கற்பித்துப் பழகிய பின்னரே பரீட்சைக்குச் சென்றோர் ஆவர்.

இதன் சிறப்பை உணர நன்னூலுட் செல்லல் வேண்டும். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்துள் பாடங்கேட்டலின் வரலாறு என ஒரு பகுதி வகுத்துள்ளார். ஈண்டு வரலாறு என்பது முறைமை எனப் பொருள்படும். ஒருவன் ஒரு பாடத்தை இருமுறை கேட்பின் பிழை பெரும்பாலும் நீங்கும். மும்முறை கேட்பின் முறையறிந்து சொல்லவல்லனாவான். ஆயினும் ஆசிரியன் உரைத்ததை நன்கு உட்கொண்டானேனும் அவனுக்குக் கைவருவது புலமையின் காற்கூறேயாம். உடன் மாணாக்கரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைத்தலால் வரும். இது முனிவர் கூறும் கணக்கு. கற்றலிற் பாதி கற்பித்தலில் உள்ளது என்னும் இவ்வுண்மை ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன்னரே நம் மொழியில் வகுக்கப்பட்டதாகும்.

மெட்ரிகுலேஷன் பெருகிய காலத்தில் இந்நெறி மறைந்தது. பாடநூலை விடுத்து அதன் உரைக்குறிப்பையும், பொருளை விடுத்து விடையையும் நெட்டுருச் செய்யும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. 1902-ஆம் ஆண்டில் கர்சன் பிரபு நியமித்த சர்வகலாசாலைக் கமிஷன், இந்நாட்டில் கற்பித்தல் பரீட்சைக்கு அடிமையாயிற்று என வருந்தியது. 1904-ஆம் ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் மாறியும் நெட்டுரு மாறவில்லை என்பதை நாம் இன்றும் காண்கின்றோம்.

அக்காலத்தார் இருவர் வரலாறு நமக்குப் பாடமாகும். கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் 1903-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறி, உதவிச் சம்பளமும் பெற்றுக் கலாசாலை புகுந்தார். ஆண்டுச் சென்றபின் கணிதமொன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உதவிச் சம்பளத்தை இழந்தார். 1906-ஆம் ஆண்டிலும் 1907-ஆம் ஆண்டிலும் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். ஊரார் அவரைத் தவறியவர் என்றனர். அவரைத் தவறச் செய்த அதே சர்வகலாசாலை, 1913-ஆம் ஆண்டில் திங்களொன்றுக்கு 75 ரூபாய் அளித்து அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. 1918-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக்கியது. எல்லாப் பாடங்களையும் ஒப்ப நோக்காதவன் பரீட்சையில் இடர்ப்படுவான் என்பது இதிற் பெறும் முதற் பாடம். பரீட்சை ஒருவன் அறிவின் முழு அளவாகாது என்பது இரண்டாவது பாடம். முன்னதைப் பிள்ளைகள் நினைவிற் கொள்க. பின்னதைப் பெற்றோர் நினைவிற் கொள்க.

மற்றொருவர் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார். பருவமடைந்த பெண் பள்ளி செல்லலாகாது என்னும் கட்டு அவரையும் வீட்டினுள் இருத்தியது. தந்தையாரே ஆசிரியராயினார். வீட்டிலிருந்தே படித்து 1902-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் கலாசாலையிற் பெண்ணொருத்தியைச் சேர்த்தலாகாது என எதிர்ப்புத் தோன்றியும், புதுக்கோட்டை மன்னர் இசைவளித்தார். 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கலாசாலை புகுந்து 1912-ஆம் ஆண்டில் மருத்துவரானார். பின்னர் அவர் நாட்டுக்குச் செய்த தொண்டு யாவரும் அறிந்ததே. பொருள் கொடுத்துப் பெறும் பயிற்சிக்கூடம் அவர்க்கு இருந்ததில்லை. நாள்தோறும் மகளோடு அமர்ந்து பாடங்கேட்ட தந்தை இருந்தார்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1978-ஆம் ஆண்டில் மேல்நிலை வகுப்புகள் தோன்றின. 1984-ஆம் ஆண்டில் மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விகட்குத் தமிழ்நாட்டரசு பிரவேசப் பரீட்சை வைத்தது. 2007-ஆம் ஆண்டில் அது சட்டத்தால் நீங்கிற்று. 2017-ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்விக்கு நீட் என்னும் அனைத்திந்தியப் பரீட்சை இந்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. 2020-ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கப்பட்டது. பெயரும் விதியும் மாறினும், கற்கும் நெறி ஒன்றே.

யானும் 1990-களின் இறுதியில் அத்தகைய பரீட்சை எழுதியவனே. ஒரு வினாவிடைப் புத்தகத்தை நான்கு திங்கள் இரவும் பகலும் நெட்டுருச் செய்தேன். பரீட்சை மண்டபத்தில் அதே கணக்குகள் எண் மாறி வந்தன; என் கை ஓடவில்லை. என் தோழனொருவன் அப்புத்தகத்தையே படித்தவன். ஆயின் மாலைதோறும் தன் தெருப் பிள்ளைகட்குத் திண்ணையிற் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தான். அவன் தேறினான்; யான் தவறினேன். குற்றம் புத்தகத்தினதன்று, என்னதே. நன்னூல் கூறிய அரைக்கூறு அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அன்று மாலை என் தந்தையார் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உனக்குத் தமிழ் வருகிறதே, அதைப் படி" என்றார். அச்சொல்லே என்னை ஆசிரியனாக்கிற்று.

ஆகலின், பரீட்சைக்கு முயலும் நம் பிள்ளைகட்குச் சில கூறுவேன். வகுப்பிற் கேட்ட பாடத்தை அன்றிரவே நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்க. ஐயங்களைக் குறித்துவைத்து, மறுநாளே ஆசிரியரை வினாவுக. வாரத்தில் இருநாள் ஒத்த தோழரோடு அமர்ந்து ஒருவர் வினாவ ஒருவர் விடை கூறுக. பழைய வினாத்தாளை உரிய கால அளவில் எழுதிப் பழகுக. தவறிய விடைகட்குத் தனி ஏடு வைத்து, அவற்றையே மீண்டும் மீண்டும் காண்க. கற்றதைத் தம்பி தங்கையர்க்கேனும் சொல்லிக்கொடுக்க. சொல்லுங்கால் நா தடைப்படும் இடமே நாம் அறியாத இடம். எளிய பாடத்திலேயே நாளெல்லாம் போக்கற்க. உறக்கத்தை விற்றுக் கல்வியை வாங்கற்க.

சங்கத்துப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தேறியோர்க்குப் பரிசளித்தும் படம் வெளியிட்டும் பாராட்டுகின்றோம், அது நன்றே. தவறிய பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலை நம்மில் யார் செல்கின்றோம்? அவ்வில்லங்களில் நிகழும் துயரச் செய்திகளை ஆண்டுதோறும் படித்து நெஞ்சம் நடுங்குகின்றோம். ஆதலின், ஊர்தோறும் கலாசாலையிற் பயிலும் நம் இளைஞர் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகட்கு மாலையில் ஒரு நாழிகையேனும் பாடஞ் சொல்ல ஏற்பாடு செய்க. சொல்வோர்க்கு அரைக்கூறு, கேட்போர்க்குக் காற்கூறு, ஊர்க்கு முழுப்பயன். முடிவு வெளியாகும் நாளில் தேறியோர் வீட்டுக்குச் செல்லுமுன் தவறியோர் வீட்டுக்குச் செல்க. அன்று அப்பிள்ளையின் செவியில் விழும் முதற்சொல் அன்புச் சொல்லாக இருத்தல் வேண்டும்.