மாவுக்கட்டும் குழந்தைச் சட்டையும்: வளைபாத சிகிச்சையின் கதை

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் அதற்குப் பெயர் வளைபாதம். ஆங்கிலத்தில் கிளப்ஃபுட். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். இதன் சிகிச்சை வரலாற்றைப் படிக்கப் போனால் வரிசையாக டாக்டர்களின் பெயர்கள்தான் வரும். அவர்கள் கட்டுப் போட்டு அனுப்பியபின் வீட்டில் அந்தக் குழந்தைக்கு எப்படி உடை மாட்டினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அற்பக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் சிகிச்சை ஜெயித்ததும் தோற்றதும் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கட்சி.

கொஞ்சம் பின்னால் போவோம். சுமார் 2400 வருடங்களுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல்கள் இதற்கு வழி சொல்லிவிட்டன. பிறந்த உடனே ஆரம்பிக்க வேண்டும், மெழுகைப் பிடிப்பது போல மெதுவாகத் திருப்பித் துணியால் கட்ட வேண்டும், சரியானபின் திரும்ப வளையாதிருக்கச் சிறப்புக் காலணி போட வேண்டும். இன்றைய சிகிச்சையின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருக்கிறது!

அடுத்து 19-ஆம் நூற்றாண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டிலுக்கே வளைபாதம். ஜெர்மனியில் ஸ்ட்ரோமெயர் என்பவரிடம் 1836-இல் குதிகால் தசைநாணை வெட்டிச் சரிசெய்துகொண்டு, அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1850-களில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் மாவுக்கட்டை அறிமுகப்படுத்தினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆண் குழந்தைக்கும் நாலைந்து வயது வரை கவுன்தான் போட்டார்கள். காலில் என்ன கட்டியிருந்தாலும் கவுனைத் தலைவழியே மாட்டினால் வேலை முடிந்தது.

சரி, கதாநாயகனுக்கு வருவோம். இக்னாசியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் ஒரு கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தோற்ற பக்கம் நின்றதால் நாட்டை விட்டு ஓடி, பிரான்ஸ், மெக்சிகோ வழியாக 1941-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே முன்பு வளைபாதத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்தால், பாதம் விறைத்து வலியோடு இருந்தார்கள். அதனால் 1940-களின் கடைசியில் வேறு வழி கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாகத் திருப்பி, விரல் முதல் தொடை இடுக்கு வரை, முழங்காலை மடக்கி மாவுக்கட்டு. இப்படி ஐந்தாறு கட்டுகள். பலருக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இல்லை. அதன்பின் பிரேஸ். இரண்டு காலணிகளை ஒரு கம்பியில் பொருத்திய கருவி; 1930-களில் டெனிஸ் பிரவுன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் கொண்டுவந்ததன் வழியில் வந்தது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயது வரை!

இங்கேதான் உடை விவகாரம் வருகிறது. மாவுக்கட்டு இருக்கும்போது பேன்ட் நுழையாது. கட்டை நனைக்கக் கூடாது என்பதால் குளியல் கிடையாது, துடைத்துவிட வேண்டியதுதான். டயப்பர் கசிந்தால் கட்டின் மேல் விளிம்பு நாறும். பிரேஸ் போட்டபின் இரண்டு காலும் கம்பியால் இணைந்திருப்பதால், காலணியைக் கழற்றாமல் பேன்ட் மாட்ட முடியாது. தொடையின் உள்பக்கம் முழுக்க பொத்தான் வைத்த உடை வேண்டும். பாதம் வரை மூடிய உடை இன்னும் தொல்லை. உள்ளே துணி சுருங்கினால் கொப்புளம் வரும், குதிகால் காலணிக்குள் சரியாக உட்காராது. பாதப் பகுதியைக் கத்தரியால் வெட்டிவிட்டு மெல்லிய பருத்தி சாக்ஸ் போட வேண்டியதுதான். கொப்புளம் வந்தால் குழந்தை அழும். அழுதால் பெற்றோர் ஒரு ராத்திரி பிரேஸைக் கழற்றி வைப்பார்கள். ஒரு ராத்திரி பல ராத்திரி ஆகும். பாதம் மறுபடி வளையும்.

இது என் கற்பனை இல்லை. பிரேஸை ஒழுங்காகப் போட்ட குடும்பங்களில் 6 சதவீதம், போடாத குடும்பங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பாதம் திரும்ப வளைந்தது என்பது பொன்செட்டி குழுவே சொன்ன கணக்கு. வணிகவியல் மாணவன் கண்ணில் பார்த்தால், மருத்துவமனைக் கணக்கில் வருவது மலிவான மாவும் சில மணி நேரமும். மீதி நாலு வருடச் செலவு, தூக்கம் உட்பட, அம்மா தலையில். அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பொன்செட்டியை உலகமும் சீக்கிரம் கண்டுகொள்ளவில்லை. 1963-இல் கட்டுரை வெளியிட்டார். மற்ற மருத்துவர்கள் பெரிய ஆபரேஷனையே நம்பினார்கள். 1995-இல் வந்த முப்பதாண்டுத் தொடர் ஆய்வில், அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் 78 சதவீதத்தினரின் பாதம் நன்றாக இருந்தது. பிறவிக் குறை இல்லாதவர்களிலேயே அது 85 சதவீதம்தான்! அதற்குப் பிறகு இணையத்தில் இதைப் படித்த பெற்றோர்களே அயோவாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். எண்பது வயது தாண்டிய பொன்செட்டி, ஜான் மிட்செல் என்பவரோடு சேர்ந்து உறுத்தாத மென்மையான காலணி செய்வதில் இறங்கினார். உகாண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர் உள்ளூர்த் தோலையும் இரும்புக் கம்பியையும் வைத்தே மலிவான பிரேஸ் செய்தார். 2009-இல் பொன்செட்டி 95 வயதில் இறந்தபோது அவர் முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

கடிகாரக்காரர் மகன் கடைசிக் காலத்தில் கவலைப்பட்டது கொப்புளம் வராத செருப்பைப் பற்றி. குழந்தைக்கு மாட்ட முடியாத வைத்தியம் வைத்தியமே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பொத்தான் வைத்த பேன்ட்டுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.