ஒரே எல்லை, இரண்டு கோடுகள்

அடுத்தடுத்துள்ள இரண்டு வயல்களைத் தாளில் வரையுங்கள். நடுவிலுள்ள வரப்பு எந்த வயலின் எல்லை? இரண்டுக்கும் பொது என்பீர்கள். ஒரே கோடு போட்டு முடித்துவிடுவீர்கள். ஆனால் நிலப்படத்தைக் கணிப்பொறிக்குள் ஏற்ற முயன்றவர்களுக்கு இந்த எளிய கேள்வியே பெருஞ்சிக்கலாயிற்று.

எளிதாகத் தோன்றிய வழி, ஒவ்வொரு பரப்பும் தன் எல்லை முழுவதையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. இதில் பொது எல்லை இருமுறை பதிவாகிறது. இரண்டும் சற்றே விலகினாலும் இடையில் எவருக்கும் சேராத மெல்லிய கீற்று தோன்றும். அல்லது ஒரே நிலம் இரு பரப்புகளிலும் சேர்ந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது சிறு பிழையன்று. அந்தக் கீற்றில் ஒரு வீடு இருந்தால் அதை எந்தப் பகுதியில் எண்ணுவது?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1967-ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரில் நடத்திய ஆய்வில் 'டைம்' என்னும் பதிவு முறை உருவாயிற்று. அத்துறையின் கணித அறிஞர் ஜேம்ஸ் கார்பெட்டின் சிந்தனை இதற்கு அடிப்படையாக அமைந்தது. இம்முறையில் பரப்புக்குப் பதிலாகத் தெருத்துண்டே அலகு. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை ஒரு துண்டு. அதன் இரு முனைகளின் எண்கள், இடப்புற, வலப்புறத் தொகுதிகளின் எண்கள், இருபுறத்து வீட்டு எண்களின் வரிசை ஆகியவை ஒரே பதிவில் இடம்பெற்றன. தொகுதி தன் எல்லையைத் தானே சுமக்கவில்லை; எண்ணால் சுட்டப்பட்டது.

இதன் பயனைப் பாருங்கள். ஒரு தொகுதியின் எண்ணைத் தாங்கிய துண்டுகளைக் கோத்துக்கொண்டே சென்றால், புறப்பட்ட முனைக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. அதனைக் கணிப்பொறியே காட்டிவிடும்! 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்முறை பயன்பட்டது.

பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. புவியியல் செய்திகளை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதும் ஜி.எம்.எல். மொழி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2007-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. தொடர்புடைய பொருளை ஒன்றினுள் ஒன்றாகப் பொதிந்து எழுதவும், அடையாளத்தை மட்டும் குறித்துச் சுட்டவும் இதில் இடமுண்டு.

எது சிறந்தது? பொதிந்த செய்தியைப் பெறுபவர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஆனால் ஒன்றே பல இடங்களில் பொதிந்திருந்தால், ஒன்றைத் திருத்தியபின் மற்றவை பொய்யாகிவிடும். சுட்டும் முறையில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆனால் சுட்டப்பட்டது காணாமற்போனால் சுட்டு வெறுமையாகிவிடும். எனவே ஒன்றுக்கே உரியதைப் பொதிந்து வைப்பதும், பலவற்றுக்குப் பொதுவானதைச் சுட்டிக் காட்டுவதும் தக்கதாகும். வரப்பு இரு வயலுக்கும் பொது. அதற்கு ஒரு கோடே போதும்.