புலிப்பல்லும் நாய்க்காசும்

பச்சைக் குழந்தையின் அரைஞாணில் நாய்க்காசு கோத்துக் கட்டுவதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். சின்ன வெள்ளிக் காசில் ஒரு நாய் உருவம். குழந்தை பயந்து அலறாமல் இருக்க அது காவல் என்பார்கள். விலங்கைக் காவலுக்கு வைக்கும் இந்தப் பழக்கம் மிகப் பழையது.

பழைய எகிப்தியர்கள் சாணவண்டின் உருவத்தைக் கல்லில் செதுக்கி அணிந்தார்கள். இறந்தவரின் நெஞ்சின் மேலும் வைத்தார்கள். சாண உருண்டையை உருட்டிப் போகும் அந்த வண்டு, அவர்களுக்கு உதிக்கும் சூரியனின் அடையாளம்.

நம் நாட்டில் அந்த இடம் புலிக்கு. புலிப்பல் தாலி அணிந்த சிறுவர்களைப் புறநானூற்றிலேயே பார்க்கலாம். அந்நாளில் தாலி என்ற சொல் பிள்ளைகளுக்குக் கட்டும் காப்பையும் குறித்தது. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், சிறுவயதுத் தாலியைக் கழற்றும் முன்பே போருக்கு வந்துவிட்டான் என்கிறது 77ஆம் பாட்டு.

நம் கொல்லிமலைக்கும் இதில் பங்குண்டு. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக 152ஆம் பாட்டு பேசுகிறது. அப்படிப்பட்ட காட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புலிப்பல் வெறும் நகையாக இருந்திருக்காது. எதற்கு அஞ்சினார்களோ, அதையே பிள்ளைக்குக் காவலாக்கினார்கள்.

விலங்கு உருவங்களைக் கைவேலையாகவும் செய்தார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில், சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த சிறு உலோகப் புலி கிடைத்தது. வெம்பக்கோட்டையில் காளை உருவம் செதுக்கிய சூதுபவளக் கல் கிடைத்தது. பார்க்க அழகான பொருள்கள்தான். ஆனால் யார் வைத்திருந்தார்கள், எதற்காக வைத்திருந்தார்கள் என்று அவை வாய் திறந்து சொல்லப்போவதில்லை. புலிப்பல்லின் கதை நமக்குத் தெரிவதே புலவர்கள் பாடி வைத்ததால்தான்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் புலிப்பல் விற்பதும் வாங்குவதும் குற்றம். அது நியாயமும்கூட. புலியே அருகிவிட்ட காலத்தில் பல்லுக்கு ஆசைப்படலாமா? அந்தத் தாலி இனிப் பாட்டில் இருந்தால் போதும்.

நாய்க்காசின் கதை அப்படி இல்லை. அதைப் பாடி வைத்த புலவர் யாரையும் நான் படித்ததில்லை. நம் வீட்டுக் கிழவிகள் சொல்லித்தான் நமக்கே தெரியும். பழைய வெள்ளியோடு அதையும் எடைக்குப் போடுமுன், யார் இடுப்பில் கட்டியது, எதற்காகக் கட்டியது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.